மீனின் முகவரி

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் ஒருநாள் பயணம் என்று கிளம்பினால், மீன்காட்சியகம் அநேகமாக அந்தப் பட்டியலில் இருக்கும். காரணம் விளங்கக்கூடியதுதான். வெயில் இல்லை, சேறு இல்லை, பிள்ளை தொலைந்துபோகும் பயம் குறைவு. விலங்கியலும் புவியியலும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். இந்தப் பழக்கத்தைக் கற்பிட்டியில் நின்று யோசித்துப் பார்த்தால் மட்டும் சற்று விநோதமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த புத்தளம் களப்பு, மறு பக்கம் மன்னார் வளைகுடாவின் வாயிலில் திறந்த கடல். இடையில் மெலிந்து வடக்கே நீளும் இந்த மணற் குடாநாட்டில் வளரும் பிள்ளை, மீனைப் பார்க்க ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தாண்டித் தெஹிவளைக்குப் போக வேண்டுமா? போகலாம் என்றே சொல்வேன். ஆனால் கண்ணாடிக்குள் நிற்கும் மீன் எந்த நீரிலிருந்து வந்தது, யார் இறங்கிப் பிடித்தார், இந்தத் தொட்டியில் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்காமல் திரும்பினால் அது வெறும் வேடிக்கை பார்த்த நாள். அந்தக் கேள்விகளுக்கான விடைகளில் பெரும்பகுதி குடாவிலேயே கிடக்கிறது. ஆகவே கடலும் களப்பும் முதற்பாடமாகவும் மீன்காட்சியகம் அதன் பின்னான பாடமாகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் தலைமுறையினருக்குக் கடல்மீனை உயிரோடு கண்ணாடிக்குள் காட்டிய இடம் தெஹிவளைதான். இந்தக் கரையோரத்துப் பாடசாலைகளில் வருடாந்தச் சுற்றுலா என்றாலே கொழும்புக்குப் போகும் பஸ் என்று பொருள். நள்ளிரவு தாண்டிப் புறப்பாடு, விடியலில் நீர்கொழும்பு, பகல் முழுக்க மிருகக்காட்சிச்சாலை. ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய மிருக வியாபாரி 1920களில் தொடங்கிய தோட்டம் அது. 1936 இல் அரசு அதைப் பொறுப்பேற்றது, 1952 இல் அங்கே மீன்காட்சியகம் திறந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே இருட்டு. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஆசிரியர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பார். அந்த நாளில் எது மனதில் தங்கியது என்று அந்தத் தலைமுறையினரைக் கேட்டால் பெரும்பாலோர் பிற்பகல் யானை ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். மீன்களின் பக்கம் நினைவு மங்கலாகவே இருக்கும்: நிறங்கள், ஓர் ஆமை, ஏதோ ஒரு பெரிய மீன். இதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பெயர்ப்பலகையில் பெயர் இருந்தது, முகவரி இருக்கவில்லை. 1909 இல் சென்னை மெரினாக் கடற்கரையில் திறந்த மீன்காட்சியகத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் எழுந்தது அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து மூடப்படும்வரை கடலுக்கு எதிரிலேயே நின்றது. தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தவருக்கு மீனின் ஊர் எதிரே தெரிந்தது. தெஹிவளையில் அந்த வசதி இல்லை. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் வீடுகளும் கடைகளும் புகையிரதப் பாதையும் அதை மறைத்துவிடுகின்றன.

கற்பிட்டிக்கு மேற்கே கடலுக்குள் தள்ளிக் கிடக்கும் பவளப்பார்த் தொகுதியை வரைபடங்கள் பார் றீப் என்று குறிக்கின்றன. 1992 இல் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 306 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். 156 வகைப் பவளங்களும் 283 வகை மீன்களும் அங்கே பதிவாகியுள்ளன. நிறமுள்ள மீன்கள் நிறைந்த இடத்துக்கு அவற்றைப் பிடிப்பவர்களும் வருவார்கள். இலங்கையிலிருந்து வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகும் அலங்கார மீன்களில் கப்பி போன்ற நன்னீர் வகைகள் பெரும்பாலும் இங்கேயே வளர்க்கப்படுபவை. கடல் மீன்களின் கதை வேறு. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே சுழியோடிகள் நீருக்கடியில் இறங்கிக் கைவலையால் பிடித்தவை. பிடித்த மீனை ஓரிரு நாள் பட்டினி போடுவார்கள், வழியில் கழிவால் நீர் கெடாமல் இருப்பதற்காக. பிறகு ஒரு பொலித்தீன் பை: மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், மீதிக்கு ஒட்சிசன். பைகள் றெஜிபோம் பெட்டிக்குள், பெட்டி கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியும் ஒரு பாடம். நீரில் ஒட்சிசன் எவ்வளவு கரையும், வெப்பம் ஏறினால் அது ஏன் குறையும், இருட்டான பெட்டிக்குள் மீன் ஏன் குறைவாக மூச்சு விடும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போகலாம். சுழியோடியின் உடலும் பாடம்தான். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், அவசரமாக மேலே வந்தால் குமிழிகளாக வெளியேறுகிறது. கடல் அட்டைக்கும் சங்குக்கும் அலங்கார மீனுக்கும் சுழியோடுபவர்களின் ஊர்களில் கை கால் விளங்காமல் போனவர்கள் இருப்பதற்குப் பின்னால் உள்ள விதி இதுதான். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் அமுக்கம் பற்றிய அத்தியாயம் இருக்கிறது. அதை இந்தக் கரையில் மனப்பாடமாகப் படிப்பது ஒரு வகை வீண்செலவு.

பவளத்தைக் கொத்தித் தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளை எடுத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு அவற்றைவிட அழகான மீன் குறைவு, தொட்டியில் வைத்திருப்பதற்கு அவற்றைவிடச் சிரமமான மீனும் குறைவு. அவற்றில் சில வகைகள் உயிருள்ள பவளத்தைத் தவிர வேறு எதையும் தின்னாமல் மெலிந்து சாகும். 1998 இல் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது பார் றீப்பின் ஆழமற்ற பகுதிகளில் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஓரளவு மீண்டு வந்தவை 2016 இல் மறுபடி வெளிறின. பவளம் போனால் அதைத் தின்னும் மீனும் போகும் என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்க இவ்வளவு போதும். தொட்டியில் குளிரூட்டி இருக்கிறது, ஒரு பாகை கூடினாலும் இயந்திரம் இயங்கத் தொடங்கும். கடலுக்கு அந்த வசதி கிடையாது. நன்றாகப் பராமரித்த மீன்காட்சியகம், தன்னை அறியாமலே, பவளப்பார் எப்போதும் இப்படியே இருக்கும் என்ற பொய்யைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பொய்யைத் திருத்தத் தேவையான வருடங்கள் கற்பிட்டிக் கடலோடிகளின் பேச்சிலேயே இருக்கின்றன. எந்த வருடத்துக்குப் பிறகு எந்த மீன் குறைந்தது என்று அவர்கள் சொல்வதை எழுதி வைத்து, ஆய்வாளர்கள் சொல்வதோடு ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தாத இடங்கள் வரும். அந்த இடங்களில்தான் படிப்பு சூடுபிடிக்கும்.

தொட்டிக்குள் மீன் எப்படி உயிர் வாழ்கிறது என்ற கேள்வி எனக்கு மற்றவற்றைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது நேராகக் கற்பிட்டிக் கிணறுகளுக்குள் கொண்டுபோய் விடும். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அன்றே நிறைய மீன்களை விட்டால் அவை சாகும். மீன் தன் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகிறது, அந்த அமோனியாவே அதற்கு நஞ்சு. சில வாரங்கள் பொறுத்தால் வடிகட்டியின் மணலிலும் கல்லிலும் பற்றீரியாக்கள் குடியேறும். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று அவ்வளவு கொடியது அல்ல, ஆனால் அது தானாகப் போகாது. நீரை மாற்ற வேண்டும், அல்லது அதை உறிஞ்சிக்கொள்ளத் தாவரம் வேண்டும். எந்த மீன்காட்சியகத்திலும் திரைக்குப் பின்னால் ஒருவர் அந்த அளவைச் சோதித்துக்கொண்டே இருப்பார். இப்போது கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துக் குடாவின் தோட்டங்களைப் பார்க்கலாம். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரக்கறி என்று ஆண்டு முழுக்க விளையும் இந்த நிலம் மணல். மணலில் தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் நிற்காது. கீழே சில மீற்றர் ஆழத்தில், உப்புநீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் ஊரின் கிணறுகளுக்கு மூலம். உரத்தின் நைதரசன் நைத்திரேற்றாக மாறி அந்தப் படைக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கற்பிட்டிக் குடாவின் விவசாயக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிய அளவுகளை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே பதிவு செய்து வருகிறார்கள். நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும். மீன் வளர்ப்போர் கடையில் வாங்கும் சோதனைக் குப்பியில் வீட்டுக் கிணற்று நீரை ஊற்றிப் பார்க்கலாம். மிகத் துல்லியமாக இராது, ஆனால் நிறம் மாறுவதைப் பிள்ளை பார்க்கும். தொட்டியில் நீரை மாற்றிவிடலாம், நிலத்தடி நீரை யார் மாற்றுவது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்டால் அதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. கேட்க வைத்ததே அந்த மீன்காட்சியகப் பயணத்தின் பலன் என்று எடுத்துக்கொள்வேன்.

களப்பின் பக்கம் வந்தால் இதே கணக்கு பெரிய அளவில் நடக்கிறது. களப்பின் வடபகுதி கடலோடு திறந்திருக்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தெற்கே உட்பகுதியில் வெயில் நீரைக் குடித்து உப்பை விட்டுவைக்கிறது, வறண்ட மாதங்களில் அங்கே நீர் கடலைவிட உப்பாக இருக்கும். புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் அமைந்த காரணம் இதுதான். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று படித்த பிள்ளை, ஒரே களப்பின் இரண்டு முனைகளில் எடுத்த நீரைக் காய்ச்சி எஞ்சிய உப்பை நிறுத்துப் பார்த்தால், பாடப்புத்தகத்து எண் ஒரு சராசரி மட்டுமே என்று தானே கண்டுகொள்ளும். கரையோரக் கண்டல்களும் அடித்தளக் கடற்புல்லும் அந்த வடிகட்டி மணலின் வேலையைக் கூலி கேட்காமல் செய்கின்றன, கூடவே இறால் குஞ்சுக்கும் ஓராவுக்கும் தங்குமிடமும் தருகின்றன. 1980களில் இந்த மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது பல இடங்களில் கண்டல் அழிந்தது. நெருக்கமாக இறால் விட்ட குளங்களில் கழிவு சேர்ந்தது, ஒரு பண்ணை வெளியேற்றிய நீரை அடுத்த பண்ணை உறிஞ்சியது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது தொழிலே ஆட்டம் கண்டது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் தெரிகின்றன. வடிகட்டி இல்லாத தொட்டியில் மீன் ஏன் சாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய செய்முறை விளக்கத்தை எந்தக் காட்சியகமும் ஏற்பாடு செய்ய முடியாது.

தொட்டியில் அடங்காதவையும் உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடலில் கூட்டங் கூட்டமாக வரும் சுழலும் டொல்பின்கள் நீரிலிருந்து எம்பி உடலைப் பம்பரமாகச் சுற்றி விழுகின்றன. திறந்த கடலில் நூற்றுக்கணக்கில் ஓடித் திரியும் விலங்கைக் குளத்தில் அடைப்பது கொடுமை என்று உலகம் மெல்ல ஏற்றுவருகிறது. இந்தியா 2013 இல் டொல்பின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்தது. கடற்பசு இன்னும் கடினமான விலங்கு. ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும் அதை வைத்திருக்கும் காட்சியகங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மன்னார் வளைகுடாவிலும் புத்தளம் களப்பை அண்டிய கடற்புல் வெளிகளிலும் அது இன்னும் மிஞ்சியிருக்கிறது, அரிதாக. சட்டம் அதைப் பாதுகாக்கிறது, வலை சில நேரம் அதைக் கொல்கிறது. கடற்பசுவைக் காண்பது கற்பிட்டிக்காரருக்கும் எளிதல்ல. பார்க்க முடியாத ஒன்று இருப்பதற்கான சான்றைத் தேடுவதும் விஞ்ஞானம்தான் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுப்புகளுக்கு வர வேண்டும். முதலாவது மறுப்பு நியாயமானது: கரையோரப் பிள்ளை மீனைப் பார்க்காமலா இருக்கிறது, அதற்குக் கடலைப் பற்றி நீங்கள் என்ன புதிதாகச் சொல்லப்போகிறீர்கள்? பார்க்கிறது, உண்மை. ஆனால் வலையில், தராசில், சட்டியில் பார்க்கிறது. பாரையும் சூடையும் கலவாயும் எந்த மாதம் எந்த விலை போகும் என்று அதற்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போது அந்த மீன் என்ன செய்கிறது என்பது சுழியோடியைத் தவிர ஊரில் பலருக்குத் தெரியாது. சின்ன மீன் ஒன்று பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்வதையோ, கோமாளி மீன் கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கு நடுவில் ஒளிவதையோ, வாலடியில் கத்தி முள் வைத்திருக்கும் நீல மீன் தன் இடத்துக்காகச் சண்டை பிடிப்பதையோ கரையில் நின்று காண முடியாது. இங்கே மீன்காட்சியகம் கடலைவிட நல்ல ஆசிரியர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பார்க்கப்போனால், உயர்ந்த கட்டணம் கட்டி வரும் பட்டணத்துக் குடும்பத்தைவிட, மீனை இறந்த பிறகே கண்ட கற்பிட்டிப் பிள்ளைக்குத்தான் அந்தக் கண்ணாடி அதிகம் உதவும். பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு உண்மை. கரையில் கருவாடு போடும் வேலையில் பெண்கள் நிறைய உண்டு, படகில் மிகக் குறைவு. கடலின் உட்புறம் அவர்களுக்குக் கேள்விப்பட்ட செய்தியாகவே இருந்துவந்திருக்கிறது.

வீட்டில் படிப்பித்தலுக்கும் மீன்தொட்டிக்கும் உள்ள உறவு பழையது என்பதையும் மறக்கக் கூடாது. 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தபோது அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர் இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி கொஸ். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் ஆசையைக் கிளப்பியது. மனைவி இறந்த பிறகு மகன் எட்மண்டை டெவன் கடற்கரைக்கு அழைத்துப்போய்த் தானே கற்பித்தார். பாறைக் குட்டைகளே அந்தப் பிள்ளையின் வகுப்பறை. நுண்ணிய கவனிப்பில் தகப்பனுக்கு இணை குறைவு. ஆனால் இந்தக் கதையில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. புத்தகத்தைப் படித்த கூட்டம் கடற்கரைக்கு வந்து குட்டைகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் கரை வெறுமையானதைப் பற்றி 1907 இல் வெளியான தன் நினைவு நூலில் எட்மண்ட் வருத்தத்தோடு எழுதினார். மற்றது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு கடற்சாமந்தியையும் பெயர் சொல்லி அறிந்த அந்தத் தகப்பன், உயிர்கள் காலப்போக்கில் மாறி வந்தன என்ற கருத்தைத் தன் சமய நம்பிக்கைக்காக ஏற்க மறுத்து, பூமியே பழையது போலத் தோற்றம் கொண்டு படைக்கப்பட்டது என்று 1857 இல் ஒரு நூல் எழுதினார். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, வீட்டில் ஒரே ஆசிரியர் என்றால் அவருடைய சுவரே பிள்ளையின் சுவராகிவிடும். மகன் பிற்காலத்தில் இலக்கிய விமர்சகரானார். அவரைக் கடற்கரை ஒரு தொழிலுக்குள் அடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுப் பாடத்தை ஆதரிப்பவர்கள் எதிர்த்துப் பேசும் இரண்டாவது பெரியவர் ஒருவரையும் பிள்ளைக்குத் தேடிக்கொடுக்க வேண்டும். கற்பிட்டியில் நாரா என்ற அரச நீர்வள ஆய்வு நிறுவனத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது, அனுபவப்பட்ட சம்மாட்டிகள் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார் என்பது நல்ல தொடக்கம்.

தமிழ் வாசகரிடமிருந்து கட்டாயம் வரக்கூடிய மறுப்பு இன்னொன்று. மீனவன் பிள்ளைக்குக் கடலையே பாடமாக்குவது குலக்கல்விக்குப் பின்வாசல் திறப்பதாகாதா? சென்னை மாகாணத்தில் 1953 இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் திட்டம், மீதிப் பொழுதில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பி அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இலங்கையிலும் இதற்கு ஒத்த வரலாறு இருக்கிறது. 1930களில் கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் பிள்ளையின் சுற்றாடலிலிருந்து பாடத்தை எழுப்பப் பார்த்தது. கிராமத்தானுக்கு மட்டமான படிப்பைக் கொடுக்கிறார்கள் என்று பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். 1972 சீர்திருத்தம் பிரதேசத் தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடமாகக் கொண்டுவந்தபோதும் இதே குறை கேட்டது, 1977 இல் ஆட்சி மாறியதும் அது எடுபட்டுப் போயிற்று. இந்தப் பெற்றோரின் சந்தேகம் அறியாமையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. கொழும்பிலுள்ள பெரிய பாடசாலையில் தூண்டில் கட்டுவது பாடமாக இல்லாத நாட்டில், கரையோரப் பாடசாலையில் மட்டும் அது பாடம் என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். நான் சொல்வது வேறு என்று காட்ட ஓர் அளவுகோல் உண்டு: கொழும்புக் கறுவாத்தோட்டத்து வைத்தியர் பிள்ளைக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கச் சம்மதிப்பீர்களா? நைதரசன் சுழற்சியையும், ஆழத்தில் அமுக்கத்தையும், பவளம் வெளிறுவதையும், ஒரு மீன் விமானம் ஏறும் பொருளாதாரத்தையும் பற்றிக் கேட்டால் சம்மதிப்பேன். வலை பொத்துவதை மட்டும் கேட்டால் மாட்டேன், அதைப் பிள்ளை வீட்டில் கேட்காமலே பழகிக்கொள்ளும். கடலிலிருந்து தொடங்கும் பாடம் பல்கலைக்கழக வாசல்வரை நீள வேண்டும். நீளவில்லை என்றால் குறை சொன்ன பெற்றோர் பக்கம் நானும் நிற்பேன்.

வீட்டுப் படிப்பு என்பதே வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டுக்கும் இந்த மண்ணில் தனிக் கனம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தஞ்சம் அடைந்தது புத்தளத்திலும் இந்தக் குடாவிலும்தான். ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளின் படிப்பைத் தொடரப் பாடுபட்ட அந்தச் சமூகத்திடம் போய், பாடசாலைச் சுவர் இல்லாமல் படிப்பது விடுதலை என்று பேசுவது அசட்டுத்தனம். சுவர் இல்லாமல் போனதன் விலையை அவர்கள் அறிந்தவர்கள். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையையும் பரீட்சை மண்டபத்தில் உட்கார வைத்தது. ஐந்து முதல் பதினாறு வயதுவரை கட்டாயக் கல்வி என்பது இன்றைய சட்டம். வாடிகளில் பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் இடைவிலகுவது இன்றும் உண்மை. ஆகவே வீட்டுப் படிப்பைப் பாடசாலைக்குப் பதிலாக எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்களிடம் பாடசாலை கடன் வாங்கக்கூடிய ஒன்று இருக்கிறது: அவசரமில்லாத நாள். நாற்பது பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நகர்த்தும் ஆசிரியருக்கு ஒரு தொட்டியில் அரை மணி நேரம் நிற்க வழியில்லை. இரண்டு பிள்ளைகளோடு வரும் தாய்க்கு வழியுண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடி, பிறகு 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் மறுபடி மூடியபோது நாடு முழுக்க எல்லா வீடும் கொஞ்ச காலம் வகுப்பறையாயிற்று. அந்த மாதங்களில் பிள்ளைகள் கைபேசித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, களப்பு கதவுக்கு வெளியே கிடந்தது. கல்வித் திணைக்களம் அதைப் பற்றி ஒரு பாடத்தாள் அச்சிட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆபத்து, செலவு, காலம் ஆகியவை நடைமுறைக் கேள்விகள். அவற்றில் காலத்துக்கு விடை கடலே கொடுக்கிறது. வாடை தணிந்து கடல் படியும் மாதங்களில், பதிவு செய்த படகில், உயிர்காப்பு அங்கியோடு பாருக்குப் போகலாம். காலையில் போய் வெயிலுக்கு முன் திரும்புவது நல்லது. களப்புக் கரைக்குப் படகே வேண்டாம், முழங்கால் நீர் போதும். ஒரு நீர்க் குப்பி, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி என்றால் செலவு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு முடிந்துவிடும். எதையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் டெவன் கரைக்கு நேர்ந்தது இங்கே நேராது. மே மாதம் சோளகம் எழும்பிக் கடல் குழம்பும். காற்றில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு களப்பில் சறுக்கும் வெளிநாட்டவரைத் தவிர அப்போது நீரில் விருப்பத்தோடு இறங்குபவர்கள் குறைவு. தெஹிவளைக்குப் பஸ் ஏற அதுவே சரியான பருவம். அதற்குள் பிள்ளையின் கொப்பியில் கேள்விகள் சேர்ந்திருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்து முடிந்ததும், பம்பியும் வடிகட்டியும் இருக்கும் பின்புறத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதினால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும், தமிழில் ஒரு பிரதியும் சிங்களத்தில் ஒரு பிரதியுமாக.